நான் நிமிர்த்திய நூற்றெட்டுக் குழல்கள்

என் பிள்ளைகளே, பட்டறையை உங்கள் இருவர் கையிலும் தந்துவிட்டு நான் ஸ்கந்தபுரத்து வீட்டில் இருக்கத் தொடங்கி எட்டு மாதமாகிறது. மூத்தவள் பெயின்ற் வேலை, இளையவன் தகரம் நிமிர்த்துகிற ரிங்கர் வேலை என்று பிரித்துக்கொண்டு நன்றாகத்தான் செய்கிறீர்கள். போன கிழமை நான் வந்தபோது புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் ஒரு வான் வண்டியின் கதவில் நெளிவு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் என்னைக் கண்டதும், "ஐயா, உங்கட கைக்கு நிமிராத தகரமே இல்லையாமே" என்று கேட்டார். எனக்கு வந்த சிரிப்பில் குடித்த தேத்தண்ணீர் மூக்கால் வந்தது. ஏன் அப்பா சிரிக்கிறீர்கள் என்று நீங்கள் கேட்டீர்கள். நான் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். அந்த இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

என் கைக்கு நிமிராத தகரம் இல்லை என்பது உண்மைதான். அதுதான் கரைச்சலே. நிமிர்த்தவே கூடாத நூற்றெட்டை நான் நிமிர்த்தியிருக்கிறேன்.

முல்லைத்தீவுக் கரையில் ஒரு கத்தோலிக்க ஊர். கடற்தொழில் செய்கிற சனம். அந்தக் கோவில் பாதரின் வான் நம்மிடம்தான் வரும், உங்களுக்குத் தெரியும். அந்த ஊரிலிருந்து வெளிநாடு போன பிள்ளைகள், அங்கே பூட்டப்பட்ட ஒரு சின்னக் கோவிலின் ஓகன் வாத்தியத்தைக் கழற்றிப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் அனுப்பியிருந்தார்கள். மின்சாரத்தில் பாடுகிற ஓகன் அல்ல. பெரிய அலுமாரி அளவில் ஒரு பெட்டி, அதற்குள் மூன்று வரிசைக் குழல்கள். மோட்டாராலோ கையாலோ இயக்குகிற துருத்தியிலிருந்து காற்று வரும், கட்டையை அழுத்தினால் அந்தக் கட்டைக்குரிய குழல் ஊதும். ஒரு வரிசை மரக்குழல். மற்ற இரண்டு வரிசையும் ஈயம் கலந்த தகட்டுக் குழல்.

பெட்டிகள் ஒரு வருடமாகக் கோவில் மண்டபத்தில் கிடந்தன. அதற்குள் பட்டினத்துப் பெரிய கோவில் ஒன்றிலிருந்து ஆட்கள் வந்து, இது இங்கே உப்புக்காற்றில் வீணாகிப் போகும், எங்களுக்குத் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஊர்த் திருநாளுக்குள் ஓகன் பாடினால் இங்கேயே இருக்கும். பாடாவிட்டால் திருநாளுக்கு அடுத்த நாள் லொறி வரும்.

ஊர்த் தச்சர் கூட வந்த படங்களைப் பார்த்துப் பெட்டியைப் பொருத்தி எழுப்பிவிட்டார். தகட்டுக் குழல்கள்தான் கப்பலில் நசுங்கியிருந்தன. பாதர் வானை விட வந்தபோது என்னிடம் கேட்டார். தகரம்தானே என்றேன். அந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

அங்கே பாடகர் குழுவை நடத்துகிறவர் ஒரு ரீச்சர். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் கன்னியர் மடத்தில் ஓகன் வாசிக்கப் பழகியவராம். பிறகு எத்தனையோ வருடம் ஒரு வாத்தியமும் இல்லாமல் வெறும் வாயாலேயே பாட்டுப் பழக்கினவர். பெட்டிகள் வந்த நாளிலிருந்து ஒரு நீளப் பலகையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள் கீறி வைத்துக்கொண்டு, தினமும் பின்னேரம் அதில் விரல் ஓட்டுவார். சத்தத்தை வாயால் தானே போடுவார். நான் போன முதல் நாளே இதைப் பார்த்தேன். பலகைக்கு முன்னால் இருந்து ஒரு மனிசி முழுப் பூசைப் பாட்டையும் முணுமுணுத்து வாசிக்கிறார். அந்த விரல்கள் உண்மைக் கட்டையில் படவேண்டும் என்று, சைவக்காரனான நான் அந்த மாதாவிடம் நேர்ந்தேன்.

வேலை தொடங்கினேன். பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் உட்பலகையில் நாலைந்து விதக் கையெழுத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. வெளிநாட்டு எழுத்து. யாரோ பொழுது போகாமல் கிறுக்கியது என்று விட்டுவிட்டேன்.

கப்பலில் வந்த நசிவுகளை இரண்டு நாளில் எடுத்தேன். அதோடு கையைக் கழுவிக்கொண்டு வந்திருந்தால் உங்கள் அப்பா ஒரு பெரிய ஆள். ஆனால் குழல்களின் மேல்வாய் என் கண்ணைக் குத்தியது. சின்னக் குழல்களில் ஒன்றின் வாய் உள்ளே குவிந்திருக்கும், பக்கத்துக் குழலின் வாய் வெளியே விரிந்திருக்கும். பெரிய குழல்களில் இன்னும் மோசம். வாயின் பின்பக்கம் ஒரு கீறல் வெட்டி, அந்தத் தகட்டை ரின்மீன் பேணியின் மூடியைச் சுருட்டித் திறந்தமாதிரி விட்டிருந்தார்கள். எனக்குப் பாவமாகப் போயிற்று. எத்தனை வருடமாக யார் யார் கையிலோ அடிபட்டு நொந்து வந்திருக்கிறது, நான் செய்கிறேன் பார் என்று சுத்தியலை எடுத்தேன்.

பதினொரு நாள். குவிந்ததை விரித்தேன். விரிந்ததைக் குவித்தேன். சுருளையெல்லாம் நிமிர்த்தி, கீறல் தெரியாமல் ஈயம் பற்றவைத்து, அரத்தால் தேய்த்து, சாம்பலும் புளியும் போட்டு மினுக்கினேன். வரிசையாக நிறுத்தி வைத்தால் ஒவ்வொரு வாயும் நிலா மாதிரி வட்டம். ஊர்ச்சனம் வந்து வந்து பார்த்தது. அங்கே கரைவலை வைத்திருக்கிற ஒரு சம்மாட்டி இருந்தார். வலைக்கு உரிமைக்காரர், இருபது இழுவைக்காரரை வைத்துத் தொழில் செய்கிறவர். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கலியாண வீட்டுச் செம்பு மாதிரி மினுக்கிப்போட்டியள் அண்ணை" என்றார். நான் கூச்சப்பட்டமாதிரி நின்றேன். உள்ளுக்குள் பறந்துகொண்டிருந்தேன்.

திருநாளுக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போது குழல்களை எல்லாம் ஏற்றிவிட்டோம். அன்று காலை, கடைசியாக ஒரு குழலுக்குள் தூசி இருக்கிறதா என்று வாயை வைத்து ஊதினேன். தூசி இல்லை. குளவி இருந்தது. நான் மினுக்கி நிறுத்தி வைத்திருந்த நாட்களில் குழலுக்குள் கூடு கட்டிக் குடியேறிய குளவி, தன் வீட்டுக்குள் புயல் அடிக்கிறது என்று நினைத்ததோ என்னவோ, வெளியே வந்து என் மேலுதட்டில் கொட்டிப்போட்டது. பத்து மணிக்கு ரீச்சர் வெள்ளைச் சேலையில் வந்தபோது என் உதடு பணியாரம் அளவுக்கு வந்துவிட்டது. ஊர் முழுக்க வந்து கோவில் வாங்குப் பலகைகளில் இருந்தது. நான் உதட்டைக் கையால் மூடிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

முதலில் மரக்குழல் வரிசையைத் திறந்து ரீச்சர் ஒரு பாட்டு வாசித்தார். என்ன சொல்ல. குயில் தண்ணீருக்குள் இருந்து கூவினால் அப்படி இருக்கும். ரீச்சரின் கண் நிறைந்துவிட்டது. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு தகட்டு வரிசை இரண்டையும் திறந்தார்.

ஆட்டுப்பட்டிக்குள் லொறி புகுந்தால் என்ன சத்தம் வருமோ, அந்தச் சத்தம் வந்தது. ஒரு குழல் கிழக்கே போகிறது, மற்றது மேற்கே போகிறது. வாசலில் படுத்திருந்த நாய் எழும்பி ஊளையிட்டது. கைக்குழந்தைகள் எல்லாம் ஒன்றாக வீரிட்டன. ரீச்சர் கையை எடுத்தார். சம்மாட்டிதான் மெதுவாக, "ரீச்சர், அதுக்கு எங்கயோ நோகுது போல கிடக்கு" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ரீச்சர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கட்டைகளையே பார்த்தபடி இருந்தார். பாதருக்கு முகம் சிவந்துவிட்டது. வெளிநாட்டுப் பிள்ளைகள்மீதுதான் கோபம். "உடைஞ்ச சாமானை வடிவாக் கட்டி அனுப்பியிருக்கினம். இப்பவே எடுத்துக் கேக்கிறன்" என்று போனை எடுத்தார்.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள். பாதர் கண்ணாடியைத் தேடிப் போட்டு இலக்கத்தை அழுத்தி முடிக்கிற அந்த நேரம்தான் எனக்கு இருந்தது. மரக்குழல் சரியாகப் பாடுகிறது. தகட்டுக் குழல் பாடவில்லை. இரண்டும் ஒரே கப்பலில் வந்தன, ஒரே மண்டபத்தில் கிடந்தன. மரத்தில் நான் கை வைக்கவில்லை, மரவேலை எனக்குத் தெரியாது என்பதால். தகட்டில் வைத்தேன், தெரியும் என்பதால். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் நான்தான். அது அங்கே என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. பேசாமல் நின்றால் பழி கடல் தாண்டிப் போய்விடும். லொறி வந்து பெட்டியையும் கொண்டுபோய்விடும். நான் மினுக்கின பெயரோடு வீட்டுக்கு வரலாம். உண்மையைச் சொல்கிறேன், அப்படியும் ஒரு கணம் நினைத்தேன். ரீச்சரின் கை மடியில் கிடந்த விதம்தான் என்னைப் பேசவைத்தது.

"பாதர், எடுக்காதேங்கோ. பிழை என்னிலதான்" என்றேன். வீங்கின உதட்டால் அது ஒருவருக்கும் விளங்கவில்லை. என்னண்ணை என்றார் பாதர். திரும்பச் சொன்னேன். அப்போதும் விளங்கவில்லை. ஒரு பிழையை ஒருதரம் ஒப்புக்கொள்வதே பெரும்பாடு. நான் முழு ஊருக்கும் முன்னால் மூன்றுதரம் ஒப்புக்கொண்டேன், மூன்றாவது தரம் கத்தி.

"என்ன செய்தனீங்கள்?" என்றார் ரீச்சர்.

"நிமிர்த்தினனான்."

"எதை?"

"வாயில இருந்த நெளிவையும் சுருளையும். அது பழுதெண்டு நினைச்சிட்டன்."

"எல்லாத்தையுமோ?"

"ஓம் ரீச்சர். நூற்றெட்டையும்."

சம்மாட்டி வாங்கிலிருந்து எழும்பினார். "பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்த மனிசன், இடம் மாறி எங்கட கோவிலுக்குள்ள வந்து உடைச்சிட்டுது" என்றார்.

முதலில் சிரித்தவர் ரீச்சர். கண்ணாடி கழன்று கட்டையில் விழுந்து ஒரு குழல் தானாக ஊதியது. அதோடு முழுக் கோவிலும் சிரித்தது. பாதர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். நானும் சிரித்தேன், சிரிக்கச் சிரிக்க உதடு வெடித்துவிடும்போல நொந்தது.

சிரித்து முடிந்ததும், சரி, இனி என்ன செய்வது என்றார் ரீச்சர். எனக்குத் தெரியாது என்றேன். அந்தப் பதினாலு நாளில் நான் சொன்ன முதல் நல்ல பேச்சு அது. ஒரு பெரிய குழலை இறக்கி, நான் வைத்த ஈயப் பற்றைத் திறந்து, தகட்டைப் பழையபடி கொஞ்சம் சுருட்டிக் கீழே இறக்கிப் பார்த்தேன். ரீச்சர் அழுத்தினார். குரல் உயர்ந்தது. இன்னும் இறக்கினேன். இன்னும் உயர்ந்தது. அப்போதுதான் விளங்கிற்று. அந்தச் சுருள் குழலின் காது. சின்னக் குழலுக்கு வாயின் குவிவும் விரிவும்தான் காது. அதைத் திருகித்தான் யாரோ ஒருவர் ஒவ்வொன்றாகக் குரல் சேர்த்திருக்கிறார். நான் நூற்றெட்டுப் பேரின் காதையும் பிடித்து நிமிர்த்தியிருக்கிறேன்.

சரியான இடத்தில் நிறுத்துவது எப்படி? மூத்தவளே, சத்தத்தை அளக்கிற ஏதாவது போனில் போட்டுத் தா என்று நான் அந்த நாளில் உன்னிடம் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? என்னத்துக்கு என்றாய், சும்மா என்றேன். அது அந்தக் கரையில் உதவவில்லை. கோவிலின் எல்லாக் கதவும் கடலைப் பார்த்தபடி. போன் கடலையும் சேர்த்து அளந்து பைத்தியம் பிடித்து ஆடிற்று.

ஆனால் நான் தொடாத மரவரிசை அப்படியே இருந்தது. மரக்குழலையும் அதே கட்டைக்குரிய தகட்டுக் குழலையும் சேர்த்து ஊதவிட்டு, இரண்டும் ஒன்றாகும்வரை சுருளைத் திருகலாம் என்றார் ரீச்சர். செய்தோம். இரண்டும் கிட்ட வரும்போது ஒரு சத்தம் வந்தது, வ்வா, வ்வா, வ்வா என்று. நான் காற்றுத்தான் ஒழுகுகிறது என்று துருத்தியைப் பார்க்கக் குனிந்தேன். சம்மாட்டி பின்னாலிருந்து, "அண்ணை, அலை அடிக்குது" என்றார்.

தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து அக்கராயனில் வயல் செய்த குடும்பத்தில் பிறந்தவன் நான். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கினதில்லை. எந்த அலை என்று வாசலைப் பார்த்தேன். "அங்க இல்லை. குழலுக்குள்ள" என்றார் அவர். சுருளை ஒரு மயிரளவு திருகினேன். வ்வா... வ்வா... என்று ஆறுதலாயிற்று. "அலை குறையுது. இன்னும் வெளிய போங்கோ." திருகினேன். "கூடிட்டுது. கரைக்கு வாங்கோ." திருப்பினேன். ஒரு இடத்தில் இரண்டு குழலும் ஒரு குழலாயிற்று. ஒரு அசைவும் இல்லை.

"கடல் படுத்திட்டுது" என்றார் சம்மாட்டி.

ரீச்சர் கட்டையிலிருந்து கையை எடுக்காமல் திரும்பி அவரைப் பார்த்தார். தான் படித்த பாட்டுப் புத்தகம் ஒன்றிலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அடுத்த ஒரு கிழமை நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் தலைகால் புரியவில்லை. காலையில் வலை இழுத்து முடிந்ததும் இழுவைக்காரர் இடுப்பில் ஈரச் சாரத்தோடு வந்து வாங்குகளில் இருப்பார்கள். ரீச்சர் கட்டையை அழுத்துவார், நான் ஏணியில் நின்று சுருளைத் திருகுவேன். கீழே இருந்து இருபது குரல், வெளிய, வெளிய, கரைக்கு, இன்னும் கொஞ்சம், நில்லுங்கோ. அவர்களுக்குள்ளேயே சண்டை வரும். இது சோளகக் காத்து நேரத்துச் சின்ன அலை, விடலாம் என்பான் ஒருவன். உனக்குக் காதில உப்பு, இது வாடைக் காத்துக் கடல் என்பான் மற்றவன். ஐந்தாம் நாள் களைத்துப்போய், இது போதும், சனத்துக்குத் தெரியாது என்று நான் இறங்கப் பார்த்தேன். சம்மாட்டி ஏணிக்குக் கீழே வந்து நின்றார். "இன்னும் ரெண்டு அலை கிடக்கு அண்ணை. இறங்கினியள் எண்டா ஏணியை எடுத்துப் போடுவன்." திரும்ப ஏறினேன்.

இதற்கு நடுவில்தான் ரீச்சர் ஒன்றைக் கண்டுபிடித்தார். மூன்றாம் வரிசையில் ஆகக் கடைசிக் கட்டை பேசவில்லை. குளவிக்கூடு இருக்கும், எடுத்துவிடுகிறேன் என்றேன்.

குளவிக்கூடு இல்லை. அங்கே குழலே இல்லை. நூற்றெட்டு என்று வாய் சொல்லிற்றே தவிர, நான் நிமிர்த்தியது நூற்றேழுதான். சுண்டுவிரல் அளவு குழல் அது. முதல் நாளே, நசிவில் வெடித்த அதன் ஓரத்தைப் பற்றவைக்கச் சூட்டுக்கோலை வைத்தேன், நெய்மாதிரி உருகி நிலத்தில் ஒரு பொட்டாக விழுந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. காலால் மண்ணை இழுத்து மூடினேன். ஊருக்கு முன்னால் அத்தனையையும் ஒப்புக்கொண்டபோதும் இந்த ஒன்று தொண்டையில் நின்றுவிட்டது. பெரிய பிழையைச் சொல்லிவிட்டால் சின்னது தானாகக் கழுவப்பட்டுப் போகும் என்று மனம் நம்பவைக்கும். நம்பாதேயுங்கள்.

சம்மாட்டியிடம் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு இரண்டு கேட்டேன். என்னத்துக்கு என்று கேட்காமலே தந்தார். அதை என் பற்றீயத்தோடு சேர்த்து உருக்கி, கடல்மணலில் ஊற்றித் தகடாக்கி, அடித்து, சுருட்டி, நாலு தரம் பழுதாக்கி, ஐந்தாம் தரம் ஒரு குழல் செய்தேன். ஏற்றி வைத்து ரீச்சர் அழுத்தியபோது கீச்சென்று ஊதிற்று. கடல் படுத்தது. "குளவி போயிட்டுதோ?" என்றார் ரீச்சர். ஓம் என்றேன்.

திருநாள் வந்தது. பின் வாங்கில் பட்டினத்துப் பெரிய கோவிலின் ஆட்கள் இரண்டு பேர். மூன்று வரிசையையும் ஒன்றாகத் திறந்து ரீச்சர் தொடங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆட்டுப்பட்டி வரவில்லை. கடல் எழும்பி வாசலுக்குள் வந்து எல்லோருக்கும் தலையைத் தடவிவிட்டுப் போனதுபோல இருந்தது. நடுப்பாட்டில் கரண்ட் நின்றது. காற்று மோட்டார் ஓய, ஓகன் முனகத் தொடங்கியது. சொல்லிவைத்ததுபோல நாலு இழுவைக்காரர் ஓடிப்போய்த் துருத்தியின் கைப்பிடியைப் பிடித்தார்கள். பிடித்த கைக்கு வலை இழுக்கிற பழக்கம். முதல் இரண்டு இழுவைக்கு ஓகன் துள்ளிற்று. ரீச்சர் வாசித்துக்கொண்டே திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பிறகு வள்ளத்தில் குழந்தையை ஏற்றுகிறமாதிரி மெதுவாக இழுத்தார்கள். பாட்டு நிற்கவே இல்லை. பூசை முடிந்ததும் பின் வாங்கில் இருந்த இரண்டு பேரும் வெளியே போய் லொறிக்காரருக்குப் போன் எடுத்தார்கள், வர வேண்டாம் என்று.

பட்டறையில் புதிதாகச் சேர்ந்த அந்த இரண்டு பேருக்கும் இதைச் சொல்லுங்கள். நெளிவைக் கண்டதும் சுத்தியலை எடுக்க வேண்டாம். இதை யார் நெளித்தார், ஏதாவது நினைத்து நெளித்தாரா என்று முதலில் கேட்கட்டும். தெரியாததைத் தொட்டவன் மட்டும் பழுதாக்குவதில்லை. தெரியும் என்று தொட்டவன் அதைவிட மினுக்கமாகப் பழுதாக்குவான்.

திருநாளன்று சனம் எல்லாம் மண்டபத்துக்குச் சாப்பாட்டுக்குப் போனபோது நான் சாமான் எடுக்கவென்று தனியாகக் கோவிலுக்குள் வந்தேன். ஓகனின் பின்பலகையைக் கழற்றினேன். அந்தப் பென்சில் எழுத்துகளை ரீச்சர் திருநாளுக்கு முதல் நாள்தான் தன் போனில் மொழிபெயர்த்து வாசித்துச் சொல்லியிருந்தார். எல்லாம் குரல் சேர்க்க வந்தவர்கள் எழுதியவை. ஒருவர் எழுதியிருந்தார், கடும் குளிர், விரல் விறைக்கிறது, இரண்டு சுருள் இறக்கினேன் என்று. கீழே இன்னொருவர், துருத்தியை எலி கடித்திருக்கிறது, தைத்தேன் என்று. அவர்களும் என்னைப்போல ஏணியில் நின்றவர்கள்தான்.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து எலிக்குக் கீழே எழுதினேன்:

"கடும் வெயில். குளவி. சுருளெல்லாம் பழுதென்று நிமிர்த்திப் பிறகு திரும்பச் சுருட்டினேன். மூன்றாம் வரிசையின் கடைசிக் குழல் புதியது. பழையது என் கையில் உருகிவிட்டது. குளவி இதற்குப் பொறுப்பல்ல."

கீழே பெயரும் ஊரும் போட்டேன். பலகையை வைத்து நாலு ஆணியையும் இறுக்கிவிட்டுச் சாப்பிடப் போனேன்.